விளையாட்டோடு சேர்ந்து வரும் கிளையன்ட்: அதற்கு எவ்வளவு இடம் கொடுப்பது?

திருப்பூரில் கணினி விற்பதும் பழுதுபார்ப்பதும் என் தொழில். இங்கே சிறிய பனியன் நிறுவனங்களில் எல்லா வேலைக்கும் ஒரே கணினிதான். பகலில் டேலி, இ-வே பில், ஜிஎஸ்டி தாக்கல், டிஜிட்டல் கையொப்ப டோக்கன். இரவு எட்டு மணிக்கு மேல் அதே நாற்காலியில் மகன் உட்கார்ந்து வாலரன்ட் ஆடுவான். அப்பாக்கள் என்னிடம் கேட்பது இது: "இந்தக் கேமோடு ஏதோ ஒன்று சேர்ந்து வருகிறதாமே, அது எல்லாவற்றையும் பார்க்குமாமே?" மகன்கள் கேட்பது வேறு: "அக்கா, ஒன்றும் ஆகாது என்று அப்பாவிடம் சொல்லுங்கள்."

அப்படிச் சேர்ந்து வரும் மென்பொருளைத்தான் கிளையன்ட் என்கிறேன். இருவருக்கும் ஒரே பதில்தான் சொல்கிறேன். கிளையன்ட் இல்லாமல் அந்த விளையாட்டு ஓடாது என்றால் அதைத் தவிர்க்க வழியில்லை. ஆனால் அது எந்த வட்டில், எந்தப் பயனர் கணக்கில், எந்த நேரத்தில் ஓட வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கலாம். கீழே உள்ளவை விண்டோஸ் 11 கணினிக்கானவை.

உள்ளே வருவது என்ன?

இரண்டு வகையான மென்பொருள்கள் வருகின்றன. ஒன்று லாஞ்சர்: ஸ்டீம், எபிக், யுபிசாஃப்ட் கனெக்ட், ஈஏ ஆப், ரயட் கிளையன்ட் போன்றவை. நீங்கள் விளையாட்டை வாங்கியவர்தானா என்று சரிபார்ப்பது, பதிவிறக்குவது, அப்டேட் செய்வது எல்லாம் இவற்றின் வேலை. 2004 நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 வந்தபோது, கடையில் காசு கொடுத்து டிஸ்க் வாங்கியவர்களும் ஸ்டீமை நிறுவிக் கணக்குத் தொடங்கிய பிறகே ஆட முடிந்தது. அன்று பலர் கொதித்தார்கள். இன்று அதே ஸ்டீமைத்தான் எல்லோரும் செல்லமாக வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, ஆன்டி-சீட். ஏமாற்றி ஆடுபவர்களைப் பிடிப்பதற்காக விண்டோஸின் கெர்னல் வரை, அதாவது எல்லா உரிமையும் உள்ள அதன் மையப்பகுதி வரை, இறங்கி வேலை செய்யும் டிரைவர் இது. ஈசி ஆன்டி-சீட், பேட்டில்ஐ போன்றவை பொதுவாக விளையாட்டைத் திறக்கும்போதுதான் எழும். 2020-இல் வாலரன்ட்டோடு வந்த வேன்கார்ட் அப்படியல்ல. கணினி எழும்போதே தானும் எழுந்து, நீங்கள் ஆடாத நேரத்திலும் ஏற்றப்பட்டே இருக்கும். 2024 மே மாதத்திலிருந்து லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆடுபவர்களுக்கும் அது கட்டாயமானது.

எல்லோரும் இந்த இரண்டாவது வகையைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். லாஞ்சரை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் உங்கள் ஆவணங்களைப் படிக்கக் கெர்னல் வரை போகவே வேண்டாம். உங்கள் கணக்கில் சாதாரணமாக ஓடும் எந்த நிரலும் அந்தக் கணக்கில் உள்ள கோப்புகளை எல்லாம் திறந்து பார்க்கலாம். 2019 மார்ச்சில் இது ஊரறிய நடந்தது. எபிக் லாஞ்சர், பயனரின் அனுமதியைக் கேட்பதற்கு முன்பே, ஸ்டீமின் கோப்பு ஒன்றைப் படித்து நகலெடுத்து வைத்திருந்ததை ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். நண்பர் பட்டியலை இறக்குமதி செய்யும் வசதிக்காகத்தான் அது, பயனர் ஒப்புக்கொண்ட பிறகே தகவல் அனுப்பப்படும் என்று நிறுவனம் விளக்கியது. அதன் தலைவர் டிம் ஸ்வீனியும் அந்த முறை தவறுதான் என்று ஒப்புக்கொண்டு மாற்றுவதாகச் சொன்னார். விளக்கம் இருக்கட்டும். கேட்காமல் படிக்க முடிந்தது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

கெர்னல் டிரைவரைப் பற்றி என் பயம் வேறு. பெரிய விளையாட்டு நிறுவனம் ஒன்று உங்கள் டேலி கோப்பைத் திறந்து நூல் கொள்முதல் கணக்கைப் படிக்கும் என்று நான் நம்பவில்லை. அந்த டிரைவரில் ஒரு ஓட்டை இருந்தால் மூன்றாம் ஆள் அதன் வழியாக நுழைவான் என்பதுதான் கவலை. 2016 செப்டம்பரில் காப்காம் நிறுவனம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-க்கு ஒரு அப்டேட் விட்டது. அதில் இருந்த டிரைவர், விண்டோஸின் ஒரு பாதுகாப்பையே அணைத்துவிட்டு, எந்த நிரல் கேட்டாலும் அதன் கட்டளையைக் கெர்னலில் ஓடவிட்டது. நிறுவனம் அவசரமாக அதைத் திரும்பப் பெற்றது. 2022-இல் கென்ஷின் இம்பாக்ட்டின் ஆன்டி-சீட் டிரைவரை ரான்சம்வேர் கும்பல் (கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிப்பவர்கள்) ஒன்று பயன்படுத்தியதைப் பாதுகாப்பு நிறுவனமான டிரெண்ட் மைக்ரோ வெளியிட்டது. தாக்கப்பட்ட கணினியில் அந்த விளையாட்டே இருக்க வேண்டியதில்லை. விண்டோஸ் நம்பும் முறையான டிஜிட்டல் கையொப்பம் உள்ள டிரைவர் என்பதால், கும்பலே அதைக் கொண்டுவந்து இறக்கி, அதைக் கொண்டு வைரஸ் தடுப்பானை நிறுத்தியது. உள்ளேயே ஆள் இருந்த கதையும் உண்டு. 2013-இல் ஈஎஸ்ஈஏ என்ற கணினி விளையாட்டுப் போட்டித் தளத்தின் கட்டாயக் கிளையன்ட்டில் பிட்காயின் மைனிங் செய்யும் நிரல் புகுத்தப்பட்டு, சுமார் 14,000 கணினிகள் அவற்றின் உரிமையாளர்களுக்கே தெரியாமல் உழைத்தன.

முதல் வேலை: வட்டைப் பிரிப்பது

வேலைக்கும் விளையாட்டுக்கும் தனித்தனிக் கணினி வைக்க முடிந்தால் வையுங்கள், இந்தப் பகுதியை விட்டுவிடலாம். முடியாதவர்கள் இன்னொரு எஸ்எஸ்டி வாங்கி அதில் தனி விண்டோஸ் போடுங்கள். வேலை ஒரு வட்டில், விளையாட்டு இன்னொரு வட்டில்.

இரண்டாவது விண்டோஸைப் போடும்போது வேலை வட்டின் கேபிளைக் கழற்றிவிடுங்கள், எம்.2 வகை என்றால் வட்டையே கழற்றுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் தன் பூட் பகுதியைப் பழைய வட்டிலேயே எழுதிவிடும். பின்னால் ஒன்றை எடுத்தால் மற்றது எழாது. நிறுவி முடித்ததும் மீண்டும் பொருத்திக்கொள்ளலாம். எந்த வட்டிலிருந்து எழ வேண்டும் என்பதைக் கணினியைப் போட்டவுடன் பூட் மெனுவில் தேர்ந்தெடுக்கலாம். மதர்போர்டைப் பொறுத்து அதற்கான விசை எஃப்8, எஃப்11 அல்லது எஃப்12.

அடுத்து வேலை வட்டைப் பூட்ட வேண்டும், அதாவது குறியாக்கம் செய்ய வேண்டும். விண்டோஸ் புரோ என்றால் பிட்லாக்கர் இருக்கிறது. ஹோம் பதிப்பில் சில கணினிகளில் டிவைஸ் என்கிரிப்ஷன் இருக்கும். இரண்டும் இல்லாவிட்டால் வெராகிரிப்ட் இலவசம். இப்படிப் பூட்டிவிட்டால், விளையாட்டு விண்டோஸில் எவ்வளவு ஆழத்தில் எந்த டிரைவர் ஓடினாலும் வேலை வட்டில் உள்ளதைப் படிக்க முடியாது. அழிக்க முடியும், அதனால் பேக்அப் கட்டாயம். விளையாட்டு விண்டோஸில் இருக்கும்போது, "ஒரு ஃபைல்தானே" என்று பிட்லாக்கர் கடவுச்சொல்லைப் போட்டு அந்த வட்டைத் திறக்கக் கூடாது. திறந்தால் செய்த வேலை எல்லாம் வீண்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 11-இல் வாலரன்ட் ஆட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், கணினி எழும்போதே சரிபார்க்கும் செக்யூர் பூட்டும் இயங்க வேண்டும், இல்லையென்றால் வேன் 9001 அல்லது வேன் 9003 என்ற பிழை வரும். பையன்கள் ஏதாவது ஒரு காணொளியைப் பார்த்து, கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸில் கை வைப்பார்கள். பிட்லாக்கர் உள்ள கணினியில் இந்த அமைப்புகள் மாறியதும் அது மீட்புக் குறியீட்டைக் கேட்கும். நாற்பத்தெட்டு இலக்கம். அது இல்லையென்றால் நானும் ஒன்றும் செய்ய முடியாது, யாராலும் முடியாது. ஜிஎஸ்டி கடைசித் தேதியன்று இப்படி வந்து நிற்கும் முதலாளியின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும். ஆகவே குறியீட்டை முதலில் காகிதத்தில் அச்சிட்டுப் பீரோவில் வையுங்கள், பிறகு பயாஸ் பக்கம் போங்கள்.

விர்ச்சுவல் மெஷினுக்குள், அதாவது விண்டோஸுக்குள்ளேயே மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினிக்குள், போட்டால் போதாதா என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். வேன்கார்ட் அதற்குள் ஓடாது. லினக்ஸிலும் ஓடாது.

இரண்டாவது வட்டு வாங்க மனமில்லாதவர்களுக்கு

குறைந்தபட்சம் கணக்கையாவது பிரியுங்கள். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதில் அதர் யூசர்ஸ் என்ற இடத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத ஒரு புதிய பயனரைச் சேர்த்து, அது அட்மினிஸ்ட்ரேட்டராக இல்லாமல் ஸ்டாண்டர்ட் யூசராகவே இருக்கும்படி விடுங்கள். மகன் அந்தக் கணக்கில் ஆடட்டும். அட்மின் கடவுச்சொல் அப்பாவிடம் இருக்கட்டும். கெர்னல் டிரைவருக்கு இது தடையே அல்ல. ஆனால் லாஞ்சருக்கும், பையன் இறக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் தடை.

அந்த "மற்ற எல்லாம்" என்பதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. என் மேசைக்கு வந்து கடவுச்சொற்கள் பறிபோயின என்று அழும் கணினிகளில், வழக்கமாகக் குற்றவாளி கிளையன்ட் அல்ல. இலவச ஸ்கின் (ஆட்டத்தில் ஆயுதத்துக்கான அலங்காரம்), எய்ம்பாட் (தானாகக் குறிபார்க்கும் ஏமாற்று நிரல்) என்று யாரோ அனுப்பிய ஜிப் கோப்புதான். "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்" என்று கூடவே குறிப்பும் இருக்கும். பையனும் பணிவாக அணைப்பான். உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்கள் எல்லாம் நிமிடத்தில் போய்விடும், அப்பாவின் வங்கிக் கடவுச்சொல்லும் சேர்த்துத்தான். தனிக் கணக்கு இருந்தால் போவது அந்தக் கணக்கில் உள்ளது மட்டும்.

கணக்குப் பிரிப்பதோடு டேலி கோப்புறையையும் பாருங்கள். பெரும்பாலான அலுவலகங்களில் அது நெட்வொர்க்கில் எல்லோருக்கும் முழு உரிமையோடு பகிரப்பட்டிருக்கும். டேலி போட்டுக் கொடுத்தவர் அவசரத்தில் அப்படி விட்டுப் போயிருப்பார். உரிமையைத் தேவையான பயனர்களுக்கு மட்டும் சுருக்குங்கள். விளையாட்டுக் கணினி தனியாக இருந்தால் அதை ரவுட்டரின் கெஸ்ட் வைஃபையில் இணையுங்கள், அலுவலக நெட்வொர்க்கில் வேண்டாம்.

ஓடும் நேரத்தைக் குறைப்பது

டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பகுதிக்குப் போய் எல்லா லாஞ்சர்களையும் முடக்குங்கள். ஆடும்போது திறந்தால் போதும். அந்தப் பட்டியலில் டிரைவர்கள் வராது. மைக்ரோசாஃப்டின் ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவியில் டிரைவர்ஸ் பகுதியைத் திறந்தால் வேன்கார்டின் விஜிகே உட்பட எல்லாம் தெரியும். வேன்கார்டை, கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள அதன் ஐகானில் வலது கிளிக் செய்து வெளியேற்றலாம். மறுபடி ஆட வேண்டுமானால் கணினியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். பையன்கள் முனகுவார்கள், முனகட்டும். டோக்கனைச் செருகி வேலை செய்யும் நேரத்தில் அது அணைந்திருப்பது நல்லது. வேலை முடிந்ததும் டோக்கனைப் பிடுங்கி மேசை டிராயரில் போடுங்கள், மாதக்கணக்கில் யுஎஸ்பியிலேயே தொங்க விடாதீர்கள்.

விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, அதில் கோர் ஐசொலேஷன். அங்கே மெமரி இன்டெக்ரிட்டியும், ஓட்டையுள்ள டிரைவர்களைத் தடுக்கும் பட்டியலும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். மேலே சொன்ன கென்ஷின் வகைத் தாக்குதலுக்கு எதிராக வீட்டுப் பயனரிடம் இருக்கும் ஆயுதம் இதுதான். கொஞ்சம் வேகம் குறைகிறது என்று அணைக்கச் சொல்லும் காணொளிகளைப் பொருட்படுத்த வேண்டாம்.

தனியாக ஆடும் விளையாட்டும் ஏன் இணையம் கேட்கிறது?

ஏமாற்றைத் தடுக்க என்ற காரணம், ஆள் எதிர் ஆள் ஆட்டத்துக்குப் பொருந்தும். தனியாக ஆடும் விளையாட்டுக்கு? ஆஸ்திரியாவில் இயங்கும் நொய்ப் என்ற தனியுரிமை அமைப்பு 2025 ஏப்ரலில் யுபிசாஃப்ட் மீது ஒரு புகார் கொடுத்தது. ஃபார் க்ரை பிரைமல் என்ற தனிநபர் விளையாட்டு, பத்து நிமிடத்தில் 150 முறை வெளி சர்வர்களைத் தொடர்புகொண்டது என்பது அதில் உள்ள குற்றச்சாட்டு. உங்கள் கணினியில் என்ன நடக்கிறது என்று பார்க்க ரிசோர்ஸ் மானிட்டரில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடுங்கள். எந்த நிரல் எங்கே பேசுகிறது என்பது வரிசையாக ஓடும்.

ஸ்டீமில் விளையாட்டை ஒருமுறை இணையத்தோடு திறந்து மூடிய பிறகு ஆஃப்லைன் மோடுக்குப் போகலாம். பல தனிநபர் விளையாட்டுகள் அதில் நன்றாகவே ஓடும். இன்னும் கடுமையாக வேண்டுமானால் விண்டோஸ் ஃபயர்வாலில் அவுட்பவுண்ட் ரூல் போட்டு அந்த விளையாட்டின் நிரலை மட்டும் தடுக்கலாம். எப்போதும் இணையம் கேட்கும் விளையாட்டு அப்போது திறக்காது. அது தெரிந்தால் அடுத்த முறை வாங்கும்போது உதவும். வாங்கும் முன்பே பார்ப்பது இன்னும் நல்லது. 2024 இறுதியிலிருந்து ஸ்டீம் கடைப் பக்கத்தில் கெர்னல் ஆன்டி-சீட் இருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும். ஜிஓஜி கடையில் கிளையன்ட் கட்டாயமே இல்லை, இன்ஸ்டாலர் கோப்பை இறக்கி வைத்துக்கொள்ளலாம். தனியாக ஆடுபவர்களுக்கு நான் அதைத்தான் சிபாரிசு செய்கிறேன்.

கணக்கில் கொடுப்பது

விளையாட்டுகளுக்கென்று தனி மின்னஞ்சல், ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் வேறு கடவுச்சொல், இரண்டடுக்குச் சரிபார்ப்பு. ஸ்டீமில் அதன் பெயர் ஸ்டீம் கார்டு. நிறுவனத்தின் மின்னஞ்சலைக் கொடுக்கவே கூடாது. 2011 ஏப்ரலில் சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் உடைந்தபோது 7.7 கோடிக் கணக்குகளின் விவரங்கள் அம்பலமாயின. அன்று ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் வைத்திருந்தவர்களுக்குத்தான் அடி அதிகம். பணத்துக்கு அட்டையைச் சேமிக்காமல் ஒவ்வொரு முறையும் யுபிஐயில் கட்டுங்கள். அப்பாவின் ஃபோனுக்கு அனுமதி கேட்டு வரும், அது கூடுதல் வசதி.

விளையாட்டை விட்டுவிட்டால்

வாலரன்ட்டை நீக்கினால் வேன்கார்ட் தானாகப் போகாது. இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலில் ரயட் வேன்கார்ட் என்று தனியாக இருக்கும், அதையும் நீக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு ஆட்டோரன்ஸில் இன்னொரு முறை பாருங்கள். மற்ற லாஞ்சர்களும் சில சமயம் சர்வீஸ்களை விட்டுச் செல்லும். கணக்கே வேண்டாம் என்றால் மென்பொருளை நீக்குவது போதாது. அந்தந்த நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்தில் கணக்கை அழிக்கும்படி தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்குப் பழைய மின்னஞ்சல் கையில் இருக்க வேண்டும். பழைய கணினியை விற்பவர்கள் இதை விற்பதற்கு முன் செய்யுங்கள்.