சினிமாவில் வள்ளங்களி பார்த்தவர் புன்னமடைக்குப் போவது எப்படி

கேரளத்து வள்ளங்களியை, அதாவது படகுப் பந்தயத்தை, வைத்து எடுத்த சண்டைப் படம் ஒன்றைப் பார்த்த சூட்டோடு ஆலப்புழைக்கு வண்டி ஏறுபவர்களுக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. படத்தில் கேமரா வள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். நாயகனின் வியர்வைத் துளிகூடத் தெரியும். பந்தயம் நடக்கும் புன்னமடைக்காயலிலோ வள்ளம் தொலைவில் ஒரு கறுப்புக் கோடு. அது பெரிதாகி உங்களைக் கடந்து போவது சில நொடிகள்தான். முதல் தடவை போனபோது, யாரோ ஒருவருடைய பிடரியைப் பலவிதமாகப் படமெடுத்துக்கொண்டு நாகர்கோவிலுக்குத் திரும்பினேன்.

என் தங்கையை ஆலப்புழையை அடுத்த குட்டநாட்டில் நெடுமுடிக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளுடைய மாமனார் இளவயதில் பந்தய வள்ளத்தில் துழை (துடுப்பு) போட்டவர். அடுத்த ஆண்டு என்னை அழைத்துப் போனவர், "கண்ணை விடு, முதலில் காதைக் கொடு" என்றார். இனி நான் சொல்வதில் பாதி அவரிடம் கற்றது.

முதலில் தேதி. புன்னமடையில் நடக்கும் நேரு கோப்பைப் பந்தயம் என்றால் ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை என்று பலரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அதை மட்டும் நம்பி விடுப்பு எழுதிக் கொடுக்காதீர்கள். 2018இல் வெள்ளத்தால் நவம்பர் 10க்குப் போனது. 2024இல் வயநாட்டு நிலச்சரிவுக்குப் பிறகு செப்டம்பர் 28 ஆனது. 2025இல் ஆகஸ்ட் 30. அறிவிப்பு வந்த பிறகே டிக்கெட் எடுங்கள். தெற்கிலிருந்து ரயிலில் வருபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: காயங்குளத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. கோட்டயம் வழி போகும் வண்டியில் ஏறிவிட்டால் ஆலப்புழையைப் பார்க்க முடியாது.

இடம் பிடிப்பதில்தான் நான் காசை இழந்தேன். படகுவீட்டின் மேல்தளத்திலிருந்து பார்க்கலாம் என்று ஒருவர் பணம் வாங்கிக்கொண்டார். இடம் என்னவோ கிடைத்தது. எங்களுக்கு முன்னால் எங்களைவிட உயரமான இன்னொரு படகுவீட்டை நிறுத்திவிட்டார்கள். ஆகவே பணம் கொடுக்கும்முன் "எத்தனையாவது வரிசை" என்று கேளுங்கள். பந்தயம் தொடங்கும் முனையில் இடம் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அங்கே தெரிவது வள்ளங்களின் வால் மட்டுமே. முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் அமையும் இடமே சிறந்தது. காலையிலேயே போய் உட்கார்ந்துவிடுங்கள். முற்பகலில் சிறு வள்ளங்களின் போட்டிகள் நடக்கும். சுண்டன் எனப்படும் நீண்ட பாம்பு வள்ளங்கள் பிற்பகலில்தான் இறங்கும். மழைக்குக் குடை கொண்டுபோகாதீர்கள். விரித்தால் பின்னால் இருப்பவர் திட்டுவார், அதுவும் நியாயமாகவே திட்டுவார். மழைக்கோட்டு போதும்.

இனி பார்க்கும் விதம். சுண்டன் வள்ளம் நூறடிக்கு மேல் நீளம், ஆஞ்சிலி மரத்தில் செய்தது. பின்பக்கம் பாம்பு படமெடுத்ததுபோல் நிமிர்ந்திருக்கும் பகுதி அமரம். அங்கே பங்காயம் என்ற நீண்ட துடுப்புடன் நின்று திசை பிடிப்பவர்கள் அமரக்காரர்கள். நடுவில் நின்று தடியால் பலகையில் இடித்துத் தாளம் கொடுப்பவர்கள் நிலைக்காரர்கள். மற்ற ஏறத்தாழ நூறு பேரும் இருவர் இருவராக உட்கார்ந்து துழைபவர்கள். படத்தில் தனி ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு வலித்து வள்ளத்தை வெல்ல வைக்கிறான். நெடுமுடி மாமாவிடம் அதைச் சொன்னபோது சிரித்தார். "அப்படி வலிப்பவனை அடுத்த நாள் பயிற்சிக்கே சேர்க்க மாட்டோம். அவன் துழை பக்கத்துத் துழையில் இடிக்கும்."

அதனால் நாயகனைத் தேடாதீர்கள், இடியோசையைக் கேளுங்கள். வள்ளம் கண்ணுக்குத் தெளிவாகும் முன்பே அது காதுக்கு வந்துவிடும். பிறகு துழைகளைப் பாருங்கள்: எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொட்டால் ஒரே ஒரு வெள்ளைத் தெறிப்பு தெரியும். தெறிப்பு சிதறி, வரிசையில் அலைபோல் ஓடினால் அந்த வள்ளம் பின்தங்கப் போகிறது. அமரம் இடவலமாக ஆடினாலும் அப்படியே. பத்து நிமிடம் பழகினால் போதும், பக்கத்தில் இருப்பவர் கத்துவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கைப்பேசியால் படமெடுக்க வேண்டாம், அதை நேரம் குறிக்கப் பயன்படுத்துங்கள். தகுதிச் சுற்றில் முதலில் வந்தாலே இறுதிக்குப் போகலாம் என்பது இப்போது இல்லை. எல்லாச் சுற்றுகளையும் சேர்த்துக் குறைந்த நேரம் எடுத்த நான்கு வள்ளங்களே போகும். இது தெரியாமல், தன் சுற்றில் வென்ற ஒரு வள்ளத்துக்காகத் தொண்டை கட்டக் கத்திவிட்டு, இறுதிப் போட்டியில் அதைத் தேடிக்கொண்டிருந்தேன். நேரத்தின் அருமை 2024 இறுதிப் போட்டியில் தெரிந்தது. காரிச்சால் சுண்டன் 4 நிமிடம் 29.785 நொடி, வீயபுரம் 4 நிமிடம் 29.790 நொடி. கரையில் இருந்த எந்தக் கண்ணாலும் அந்த வித்தியாசத்தைப் பார்த்திருக்க முடியாது.

எந்த வள்ளத்துக்குக் கத்துவது? வள்ளம் ஓர் ஊருடையது, துழைவது ஒரு படகுக் குழு. இரண்டுக்கும் பெயர் வேறு; குழு அடுத்த ஆண்டு வேறு வள்ளத்துக்குப் போய்விடலாம். நான் ஊர் பார்த்தே கத்துகிறேன். "ஆர்ப்போ" என்று ஒருவர் எழுப்பினால் "இர்ரோ, இர்ரோ" என்று சேர்ந்துகொள்ளுங்கள். மலையாளம் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு வள்ளங்களி நடக்கும் ஆறன்முளைக்குப் போவதானால் இந்தக் குறிப்புகளை மறந்துவிடுங்கள். அங்கே பம்பையில் உத்திரட்டாதி நாளில் இறங்குபவை பள்ளியோடங்கள், கோயிலுக்குரியவை. செருப்போடு அவற்றில் கால் வைக்கக் கூடாது. வேகத்தைவிட, துழையும்போது பாடும் வஞ்சிப்பாட்டே அங்கே பெரிது.

கூட்டம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒரு வழி: பந்தயத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு குட்டநாட்டு ஆற்றங்கரை ஊர்களுக்கு மாலையில் போங்கள். பயிற்சி நடக்கும், டிக்கெட் இல்லை, வள்ளம் கைக்கெட்டும் தூரத்தில் போகும். தென்னைக்கு அடியில் மட்டும் நிற்காதீர்கள். நான் நின்றபோது தேங்காய் ஒரு முழம் தள்ளி விழுந்தது.