வழிபாட்டில் புகுந்து தடுத்தால் என்ன செய்வது? புகார் முதல் நீதிமன்றம் வரை

ஜும்ஆ தொழுகை, வீட்டு ஜெபம், தெருக்கோயில் பஜனை எதுவானாலும் சரி, நடுவில் நாலு பேர் புகுந்து கலைத்துவிட்டால், அன்று மாலை காவல் நிலையத்துக்குப் போகும் புகார் பெரும்பாலும் "எங்கள் மத உணர்வு புண்பட்டது" என்றுதான் தொடங்கும். வழக்கு அந்த வரியிலேயே பாதி தோற்றுவிடுகிறது.

காரணம் இதுதான். மத உணர்வைப் புண்படுத்துவது பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 299-ஆவது பிரிவில் வருகிறது. வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு செய்தார்கள் என்று அதில் நிரூபிக்க வேண்டும். நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவே அரசின் முன் அனுமதி வேண்டும். உங்களுக்கு நேராகப் பொருந்துவது 300-ஆவது பிரிவு: சட்டப்படி வழிபாட்டில் கூடியிருப்பவர்களுக்கு இடையூறு செய்வது. தண்டனை ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சிறிய தண்டனைதான், ஆனால் பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்பதால் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். சிலை, சிலுவை, புனித நூல் போன்றவற்றையோ கட்டடத்தையோ சேதப்படுத்தியிருந்தால் 298-ஐயும், இறுதிச் சடங்கைத் தடுத்திருந்தால் 301-ஐயும் சேர்க்கச் சொல்லுங்கள். பட்டியல் சாதியினரைக் கோயிலுக்குள் விடாமல் தடுத்தால் கதையே வேறு. அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரும், டி.எஸ்.பி. நிலையில் உள்ள அதிகாரிதான் விசாரிக்க வேண்டும்.

"சட்டப்படி" என்ற சொல்லைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பார். இரவு 10 மணிக்குப் பிறகும் ஒலிபெருக்கி ஓடியதா? குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது வரம்பு. அடுத்தவர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் வழிபடச் சொல்லி எந்த மதமும் விதிக்கவில்லை என்று 2000-இல் சென்னையிலிருந்து போன ஒரு தேவாலய வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இன்னொன்று, வீட்டில் சிலர் கூடி ஜெபிப்பது வேறு, வீட்டையே பொது வழிபாட்டுக் கூடமாக மாற்றுவது வேறு. பின்னதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி எங்கே என்று கேட்பார்கள். ஆகவே வீட்டு வரி ரசீது, வாடகை ஒப்பந்தம், அனுமதி ஆணை என்று இருப்பதையெல்லாம் முன்கூட்டியே ஒரு கோப்பில் வையுங்கள்.

சம்பவம் நடக்கும்போதே 112-ஐ அழையுங்கள். அழைத்த நேரம் பதிவாகிவிடும், பிறகு யாரும் மறுக்க முடியாது. வீடியோ எடுத்தவர் அந்தப் போனை மாற்றவோ, கோப்பை அழிக்கவோ கூடாது. வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த நகலை மட்டும் நம்பினால் நீதிமன்றத்தில் தடுமாற வேண்டியிருக்கும். மின்னணுச் சாட்சியத்துக்குப் புதிய சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷிய அதினியம்) 63-ஆவது பிரிவின்படி சான்றிதழும் வேண்டும்.

புகாரை ஒரே பக்கத்தில் முடியுங்கள். தேதி, நேரம், இடம், எத்தனை பேர் வழிபாட்டில் இருந்தார்கள், அந்த நிமிடம் என்ன நடந்துகொண்டிருந்தது, யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள், எவ்வளவு நேரம் வழிபாடு நின்றது. கடைசிக் கேள்விக்குப் பதிலைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், இடையூறு என்பதற்கு அதுதான் நேரடி ஆதாரம். சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள், கெட்ட வார்த்தை என்றாலும். வந்தவர்களின் கட்சி, சாதி, மதம் பற்றிய உங்கள் ஊகங்கள் வேண்டாம். நேரில் பார்த்த இரண்டு மூன்று பேரின் பெயரைச் சேருங்கள். அக்கம்பக்கத்தில் வேறு மதத்தவர் ஒருவர் சாட்சி சொல்ல முன்வந்தால் அதற்கு எடை அதிகம்.

நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்புவார்கள். மனு வந்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை, அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. எல்லை தங்களுடையது அல்ல என்று சொன்னால், எந்த நிலையத்திலும் எஃப்.ஐ.ஆர். பதியலாம் என்று பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 173-ஐச் சுட்டிக்காட்டுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதிய மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள், மாநகரம் என்றால் ஆணையருக்கு. அதுவும் பலிக்காவிட்டால் அதே பி.என்.எஸ்.எஸ். 175(3)-இன் கீழ் நீதித்துறை நடுவரிடம் மனு. இதற்குப் பிரமாணப் பத்திரம் வேண்டும், எஸ்.பி.க்கு அனுப்பிய தபால் ரசீதையும் கூடவே இணைக்க வேண்டும். அந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் மனு திரும்பிவிடும்.

இதற்கு நடுவே அமைதிப் பேச்சுவார்த்தைக்கு வட்டாட்சியர் கூப்பிடுவார். போங்கள், போகாமல் இருப்பது உங்களுக்கு எதிராகவே முடியும். ஆனால் "இனி இங்கே வழிபாடு நடத்த மாட்டோம்" என்று எழுதிய தாளில் சூழ்ந்து நின்று கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள். நாளைக்கு உயர் நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிரான முதல் ஆவணம் அதுவாகத்தான் இருக்கும். நேரம், ஒலி அளவு, வண்டி நிறுத்தம் பற்றிய நிபந்தனைகளை ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

நிர்வாகமே வழிபாட்டைத் தடுத்து உத்தரவு போட்டால், அந்த உத்தரவின் நகலை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, அரசியல் சட்டத்தின் 226-ஆவது பிரிவில் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதன் 25-ஆவது பிரிவு வழிபாட்டு உரிமையைக் குடிமக்களுக்கு என்று சுருக்கவில்லை, "எல்லா மனிதர்களுக்கும்" என்கிறது. முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழருக்கும் அது பொருந்தும். பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் என்ற வரம்புகளும் அதே பிரிவில்தான் இருக்கின்றன. அரசுத் தரப்பு இவற்றில் ஒன்றைத்தான் பிடிக்கும். வக்கீலுக்கு வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். எண் 15100. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.

300-ஆவது பிரிவு வழக்குக்குக் காலவரம்பு ஓராண்டு. சம்பவம் நடந்த தேதியைக் கோப்பின் மேலட்டையிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.