‘இந்த பிசி தகுதியில்லை’ என்ற லேப்டாப்பில் விண்டோஸ் 11

ஐப்பசி மழையில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். அதில்தான் அவர் பசுந்தேயிலைக் கணக்கு எழுதுகிறார், யார் எந்தத் தேதியில் எத்தனை கிலோ இலை போட்டார்கள், யாருக்கு எவ்வளவு முன்பணம் போயிருக்கிறது என்று எல்லாமே எக்செலில். “தம்பி, பத்தாம் நம்பர் விண்டோஸுக்கு இனிமே ஒண்ணும் வராதாம். பதினொண்ணு போடலாம்னு பார்த்தா இந்த மெஷினுக்குத் தகுதி இல்லைங்குது. பழைய சாமான்காரர்கிட்ட போட்டுடட்டுமா?”

போட வேண்டாம் அக்கா என்று வாங்கி வைத்தேன். இன்டெல் ஐ3 ஐந்தாம் தலைமுறை, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். கோத்தகிரியில் பாதி வீடுகளில் இப்படி ஒன்று அலமாரியில் கிடக்கும். இதில் விண்டோஸ் 11 போட்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன், இதற்கு முன் லேப்டாப்பைத் திறந்தே பார்க்காதவர்களுக்காக.

முதலில் ஏன் மறுக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டுமே மெஷினைத் துவக்க விடும் காவல்), பெரும்பாலும் இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட பிராசசர். இது நீலகிரிக்கு ஏறும் வழியில் குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் வண்டிகளிடம் இ-பாஸ் கேட்கிற மாதிரிதான். பாஸ் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள், வண்டிக்கு மலை ஏறத் தெம்பு இருக்கிறதா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. ஐந்தாம் தலைமுறை ஐ3-க்கு விண்டோஸ் 11-ஐ ஓட்டும் தெம்பு இருக்கிறது.

ஒன்று மட்டும் நிஜமாகவே இன்ஜின் விஷயம். 2024-இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, பிராசசருக்கு எஸ்எஸ்இ 4.2, பாப்கவுன்ட் என்ற கட்டளைகள் தெரிந்திருந்தே ஆக வேண்டும். கோர் 2 டுவோ மாதிரி மெஷின்களுக்கு அவை முழுதாகத் தெரியாது, அங்கே எந்தக் குறுக்கு வழியும் வேலை செய்யாது. சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து ‘இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்’ வரிசையில் எஸ்எஸ்இ 4.2 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்தப் பதிவு உங்களுக்கு இல்லை, லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டுப் பாருங்கள். உண்மையில் பிரவுசரும் யூடியூபும் மட்டும் போதும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வதே அதைத்தான். அக்காவுக்கு எக்செல் வேண்டும், அதுவும் அவர் பழகிய எக்செல்தான் வேண்டும், அதனால் இந்தப் பாடு.

படி 1: மெஷினைப் பார்ப்பது

ஸ்டார்ட்டில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்று தேடித் திறங்கள். பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்பே ஓடி மெஷினை எழுப்புகிற அடிப்படை மென்பொருள், யூஇஎஃப்ஐ அதன் புதிய வகை, லெகசி பழையது. அதில் ‘பயாஸ் மோட்’ என்ற வரியில் யூஇஎஃப்ஐ என்று இருந்தால் நல்லது. லெகசி என்று இருந்தால் பயாஸுக்குள் போய் யூஇஎஃப்ஐக்கு மாற்ற வழி இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இப்போதே மாற்றாதீர்கள், மாற்றினால் பழைய விண்டோஸ் ஏறாமல் போகலாம். ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் வைத்திருப்பவர்கள் பயாஸில் பிடிடி என்ற பெயரைத் தேடுங்கள், டிபிஎம் அந்தப் பெயரில் அணைந்து கிடக்கலாம். இருந்தால் போட்டுவிடுங்கள்.

அப்புறம் செட்டிங்ஸில் ‘ஆக்டிவேஷன்’ பக்கம் போய் விண்டோஸ் 10 ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா, அது ஹோமா புரோவா என்று குறித்து வையுங்கள். டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு ஒட்டியது. டிஸ்க்கை மாற்றினாலும் அதே வகை விண்டோஸ் 11 போட்டால் தானாகவே ஆக்டிவேட் ஆகும். விண்டோஸ் 7 கீயை வைத்து ஒப்பேற்றலாம் என்று நினைக்காதீர்கள், அந்த வழியை மைக்ரோசாஃப்ட் 2023-இல் மூடிவிட்டது.

படி 2: பேக்கப், முக்கியமாக எழுத்துருக்கள்

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், படங்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். இது எல்லோரும் சொல்வதுதான். யாரும் சொல்லாதது ஒன்று இருக்கிறது: பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் உங்களிடம் இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் அவை ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குப்பை மாதிரி திறக்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று பயந்து அழித்தவர்களை எனக்குத் தெரியும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒன்று இருக்கும், அதிலிருந்து உங்கள் தமிழ் எழுத்துருக்களைத் தனியாக எடுத்து வையுங்கள். அக்காவின் சங்கத் தீர்மானங்கள் பத்து வருடத்துக்கானவை பாமினியில்தான் இருந்தன.

படி 3: எஸ்எஸ்டி வாங்குங்கள்

இதைச் செய்யாமல் மேலே போகாதீர்கள் என்பது என் கட்சி. பழைய லேப்டாப் ஊர்வதற்குக் காரணம் பெரும்பாலும் பிராசசர் இல்லை, சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்தான். எஸ்எஸ்டி என்பது அதே வேலையைச் சுற்றாமல் சிப்பிலேயே செய்கிற டிஸ்க். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 240 அல்லது 256 ஜிபி போதும். ராமும் 4 ஜிபியிலிருந்து 8 ஆனால் நல்லது, ஆனால் அந்த ஐந்தாம் தலைமுறைக் காலத்து லேப்டாப்புகளில் பல டிடிஆர்3எல் ராம் கேட்கும், கடைசி ‘எல்’ முக்கியம், பழைய ராமைக் கழற்றிக் கடையில் காட்டியே வாங்குங்கள். நான் காந்திபுரத்துக்கு வேறு வேலையாகப் போனபோது இரண்டையும் வாங்கி வந்தேன்.

எஸ்எஸ்டியால் இன்னொரு லாபமும் உண்டு, புதிதாகச் செய்பவர்களுக்கு அதுதான் பெரிய தைரியம். பழைய டிஸ்க்கை அழிக்கவே வேண்டாம். கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு புது எஸ்எஸ்டியில் சோதனை பண்ணுங்கள். எது சொதப்பினாலும் பழையதைத் திரும்ப மாட்டினால் நேற்று இருந்த லேப்டாப் அப்படியே வந்துவிடும்.

கழற்றுவது: மெஷினை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழலக்கூடியது என்றால் அதையும் எடுத்துவிட்டு, அடிமூடித் திருகுகளைக் கழற்றுங்கள். ரப்பர் கால்களுக்கு அடியிலும் திருகு ஒளிந்திருக்கும், மூடி வரவில்லை என்றால் நெம்பாமல் முதலில் அங்கே பாருங்கள். பேட்டரி உள்ளே இருக்கிற வகை என்றால் மூடி திறந்ததும் அதன் வயரைப் பிடுங்குவதுதான் முதல் வேலை. திருகுகளை ஒரு எவர்சில்வர் தட்டில், எடுத்த வரிசையிலேயே வையுங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு உட்காருங்கள், தை மாசத்து வறட்டுக் குளிரில் அது உரசி மின்சாரம் சேர்க்கும். குழாய் மாதிரி ஏதாவது உலோகத்தைத் தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பனியில் வெளியே இருந்து கொண்டுவந்த லேப்டாப்பை உடனே ஆன் செய்யவும் வேண்டாம். சூடான அறைக்குள் வந்ததும் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும், இரண்டு மணி நேரமாவது அப்படியே கிடக்கட்டும்.

படி 4: ஐஎஸ்ஓவும் ரூஃபஸும்

இந்தப் படியை வேறொரு விண்டோஸ் கணினியில், அல்லது பழைய டிஸ்க்கைக் கழற்றும் முன்பே இதே மெஷினில் செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவ வேண்டிய விண்டோஸ் முழுவதையும் ஒரே கோப்பாக அடைத்தது) இறக்குங்கள். 5 ஜிபிக்கு மேல் இருக்கும், ஒரு நாளைக்கு 2 ஜிபி தருகிற மொபைல் பேக்கில் இது ஆகாது, பிராட்பேண்ட் இருக்கிற வீட்டுக்குப் போய் ராத்திரி போட்டுவிட்டு வாருங்கள். நடுவில் கரண்ட் போய்ப் போய் இறங்கிய கோப்பு என்றால் சரிபார்த்துவிடுங்கள்: 7-ஜிப் இருந்தால் கோப்பின்மேல் ரைட் கிளிக் செய்து எஸ்எச்ஏ-256 எண்ணை எடுத்து, மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் இருக்கிற எண்ணோடு ஒப்பிடலாம். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் மறுபடி இறக்குங்கள். யாரோ டெலிகிராமில் போட்டிருக்கிற ‘லைட்’ விண்டோஸ் பக்கமே போகாதீர்கள், அதற்குள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று போட்டவருக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்து ரூஃபஸ், ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் ஏற்றி நிறுவத் தயாராக்குவதற்கு பீட் பட்டார்ட் எழுதித் தருகிற இலவச மென்பொருள். அதன் சொந்தத் தளத்திலிருந்து புதிய பதிப்பையே எடுங்கள். 8 ஜிபி அல்லது பெரிய பென்டிரைவைச் செருகுங்கள். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், பையனின் கல்யாண வீடியோ இருக்கிற பென்டிரைவைக் கொண்டுவந்து செருகாதீர்கள்.

ரூஃபஸில் ‘டிவைஸ்’ இடத்தில் அந்தப் பென்டிரைவ், ‘செலக்ட்’ அழுத்தி ஐஎஸ்ஓ, ‘பார்ட்டிஷன் ஸ்கீம்’ ஜிபிடி, ‘டார்கெட்’ யூஇஎஃப்ஐ. ஸ்டார்ட் அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும், இந்தப் பதிவின் உயிரே அந்தப் பெட்டிதான். ‘4 ஜிபி ராம், செக்யூர் பூட், டிபிஎம் 2.0 தேவைகளை நீக்கு’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருக்கும் முதல் வரியை டிக் செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு கட்டாயம் என்பதை நீக்கும் வரி, பெயர் கொடுத்து லோக்கல் கணக்கு (அந்த மெஷினுக்குள் மட்டும் இருக்கும் கணக்கு) உருவாக்கும் வரி, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் தானாக ஓடுவதைத் தடுக்கும் வரி, இவற்றையும் டிக் செய்துவிடலாம். ஓகே கொடுத்துவிட்டு டீ போட்டுக் குடியுங்கள், வர்க்கி இருந்தால் அதையும்.

படி 5: நிறுவுவது

பென்டிரைவைச் செருகி ஆன் செய்யும்போது பூட் மெனுவுக்கான விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9 அல்லது எஸ்கேப், ஆசஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்யவில்லை என்றால் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் அந்த மெனுவை முதலில் இயக்கிவிட வேண்டும். பட்டியலில் பென்டிரைவ் பெயரோடு யூஇஎஃப்ஐ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். படி 1-இல் லெகசி என்று பார்த்தவர்கள் பயாஸுக்குள் போய் யூஇஎஃப்ஐக்கு மாற்ற வேண்டிய நேரம் இதுதான்.

மொழி, கீபோர்டு கேட்கும். கீ கேட்டால் ‘என்னிடம் கீ இல்லை’ என்பதை அழுத்துங்கள். ஹோமா புரோவா என்றால் படி 1-இல் குறித்ததையே கொடுங்கள். டிஸ்க் பட்டியலில் ஒதுக்கப்படாத இடம் என்று புது எஸ்எஸ்டி மட்டும் தெரியும், பழைய டிஸ்க் மேசைமேல் இருப்பதால் தப்பான இடத்தை அழிக்க வழியே இல்லை. நெக்ஸ்ட்.

இங்கேதான் எனக்குக் கண்டம் வந்தது. பாதிக்கு மேல் ஓடியிருக்கும், எங்கேயோ சில்வர் ஓக் மரம் லைன்மேல் சாய்ந்து ஊரே இருட்டாகிவிட்டது. அக்காவின் பேட்டரி எப்போதோ செத்தது, சார்ஜர் வயரை நம்பி ஓடுகிற மெஷின், டக்கென்று அணைந்தது. மறுநாள் மதியம் கரண்ட் வந்த பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தேன், எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பேட்டரி நிற்காத மெஷின் என்றால் இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் வைத்துச் செய்யுங்கள், மழை நாளில் தொடவே தொடாதீர்கள்.

ரீஸ்டார்ட் ஆகி, முதல் அமைப்புக் கேள்விகள் கேட்கும் திரை வந்ததும் வைஃபையை இணைக்காமலேயே போங்கள், அப்போதுதான் லோக்கல் கணக்கு சிக்கலில்லாமல் அமையும். டெஸ்க்டாப் தெரிந்த பிறகு இணைத்துக்கொள்ளலாம்.

படி 6: பிறகு செய்ய வேண்டியவை

வைஃபையே தெரியவில்லை என்றால் பதறாதீர்கள், டிரைவர் வரவில்லை, அவ்வளவுதான். போனை யூஎஸ்பி வயரில் செருகி டெதரிங் போட்டால் நெட் வந்துவிடும். விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டு, ‘ஆப்ஷனல் அப்டேட்ஸ்’ உள்ளே டிரைவர்களையும் டிக் செய்யுங்கள். அக்காவின் மெஷினுக்கு டச்பேட் டிரைவர் மட்டும் தயாரிப்பாளர் தளத்தில் விண்டோஸ் 10 பகுதியிலிருந்து எடுக்க வேண்டி வந்தது, அது 11-இலும் ஓடுகிறது.

எடுத்து வைத்த எழுத்துருக்களை ரைட் கிளிக் செய்து நிறுவுங்கள். மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99 கீபோர்டும் கிடைக்கும், விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ்பாரை அழுத்தினால் மாறும்.

இப்போது பேசியே ஆக வேண்டிய விஷயம். தகுதியில்லாத மெஷினுக்கு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் எந்த வாக்கும் தரவில்லை. இதுவரை மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டுகள் அக்காவின் மெஷினுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. வருடாந்திரப் பெரிய பதிப்பு மட்டும் தானாக வராது, ஹோம், புரோ பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஆயுள் 24 மாதம், அதற்குள் புது ஐஎஸ்ஓ இறக்கி, ரூஃபஸில் பென்டிரைவ் போட்டு, இந்த முறை பூட் செய்யாமல் ஓடுகிற விண்டோஸுக்குள்ளிருந்தே செட்டப்பைத் திறந்தால் கோப்புகள் அப்படியே இருக்க மேலே ஏறிவிடும். காலண்டரில் எழுதி வையுங்கள். டிபிஎம் கேட்கிற சில ஆன்லைன் விளையாட்டுகள் ஓடாது, வீட்டுப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பழைய டிஸ்க்கை ஒரு மாதமாவது தொடாமல் வைத்திருங்கள்.

மெஷினைத் திருப்பிக் கொடுத்தபோது அக்கா ஆன் செய்து பார்த்தார், வேகமாகத் திறந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “தம்பி, ஸ்டார்ட் பட்டன் ஏன் நடுவுல வந்து உட்கார்ந்திருக்கு?” என்றார். செட்டிங்ஸ், பர்சனலைசேஷன், டாஸ்க்பார், அதில் அலைன்மென்ட்டை லெஃப்ட் என்று மாற்றினால் பழைய இடத்துக்கே போய்விடும்.