கண்டிப் பக்கம் பழைய கட்டடங்கள் பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பள்ளிக்கூட விடுமுறை விட்டால் போதும், யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நிற்கும். இறங்கும்போதே பட்டியல் தயாராக இருக்கும்: புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா, எம்பெக்க, லங்காதிலக, கடலாதெனிய என்ற மூன்று பழைய கோயில்கள், நேரமிருந்தால் நுவரெலியா. எல்லாம் ஒரே நாளில்! கூட்டிக்கொண்டு சுற்றுவது நான்தான் என்பதால், வருகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்று நன்றாகவே தெரியும்.

முதல் சறுக்கல் கண்டி நகருக்குள்ளேயே நடக்கிறது. ஊர் பேராதனையையும் தாண்டி வளர்ந்துவிட்டது, வீதி மட்டும் அப்படியே இருக்கிறது. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் மாட்டினால் வேனுக்குள்ளேயே பகல் போய்விடும். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் காலையில் நகருக்குள் நுழையவே வேண்டாம். பிலிமத்தலாவையில் திரும்பினால் கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்க மூன்றும் சில கிலோமீற்றருக்குள் அடுத்தடுத்து வரும். காலையில் அவற்றைப் பார்த்துவிட்டு, தலதா மாளிகைக்கு மாலை ஆறரைப் பூசைக்குப் போகலாம்.

காலையில் போகச் சொல்வதற்கு இன்னொரு காரணம் கால். கடலாதெனிய ஒரு பெரிய பாறைமேல் நிற்கிறது, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும். ஒருமுறை நடுப்பகலில் என் மாமியை அங்கே கூட்டிப்போய்விட்டேன். பாதிப் பாறையில் அவர் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிய ஓட்டத்தை இன்றும் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கிறோம். ஒரு சோடி காலுறை கொண்டுபோனால் போதும். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் பையன்கள் காற்சட்டையோடுதான் வந்து நிற்பார்கள்.

எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் தருவது லங்காதிலக. வேன் நிற்கும், முன்வாசலால் போய் புத்தரைக் கும்பிடுவார்கள், வெளியே வந்து ஒரு படம் எடுப்பார்கள், அவ்வளவுதான். கட்டடத்தைச் சுற்றி வருகிறவர்கள் குறைவு. புத்தர் இருக்கும் அதே கட்டடத்தின் மற்றப் பக்கங்களில் விபீஷணன், சமன், பிள்ளையார், கந்தன் என்று தெய்வங்களுக்குத் தனித்தனிச் சந்நிதிகள் இருக்கின்றன. சந்நிதிக் கதவு பூட்டியிருந்தால் அங்கே இருப்பவரிடம் பணிவாகக் கேளுங்கள். "இது அவங்கட கோயில்தானே" என்று திரும்பிவிடுகிற நம் ஆட்களுக்கு நான் சொல்வது: 1344இல் இதைக் கட்டிய சிற்பி ஸ்தபதி ராயர், தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். அதே காலத்துக் கடலாதெனியவைக் கட்டியவர் கணேஸ்வராச்சாரி, அவரும் அங்கிருந்து வந்தவர்தான். லங்காதிலகப் பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து முந்நூறு கிலோமீற்றர் தாண்டி வந்தவர்கள் அதற்குப் பத்தடி தள்ளி நின்று தண்ணீர்ப் போத்தலைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பழைய எழுத்து என்பதால் சட்டென்று வாசிக்க வராது. அதற்காகச் சோக்குக் கட்டியால் தேய்ப்பது, விரலை வைத்து எழுத்தைத் தடவிப் பார்ப்பது எல்லாம் வேண்டாம்.

தொடுவது என்றதும் எம்பெக்க நினைவுக்கு வருகிறது. கம்பளை இராசதானிக் காலத்து மரத்தூண்கள் அங்கே மேளமண்டபத்தில் நிற்கின்றன. வேங்கை மரம். பின்னிப் பிணைந்த அன்னங்கள், மல்லர்கள், இருதலைப் பறவை, பிள்ளைக்குப் பால்கொடுக்கும் தாய் என்று ஒரு தூணின் நாலு முகத்திலும் ஒவ்வொன்று இருக்கும். எல்லாரும் அன்னத்தைத் தடவிப் பார்க்கத்தான் கையை நீட்டுவார்கள். ஒரு கையால் ஒன்றும் ஆகாதுதான், ஆனால் நாளுக்கு எத்தனை கை, கையில் எவ்வளவு எண்ணெயும் வியர்வையும்! கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பாருங்கள். மண்டபத்தின் ஒரு கோடியில் இருபத்தாறு கைமரங்கள் ஒரே மர ஆப்பில் வந்து சேர்கின்றன. அந்த ஆப்பை மடோல் குருபாவ என்பார்கள். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்காமல் போனவர்கள் எம்பெக்க போனதாகவே நான் கணக்கில் எடுப்பதில்லை. அப்புறம், அது கதிர்காமத் தெய்வத்தின் தேவாலயம், நம்முடைய முருகன்தான். கப்புராளை, அதாவது அங்குள்ள பூசகர், பூசைக்குப் போகும்போது வழியில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள்.

படம் எடுப்பதில் ஒரு விஷயம் விளையாட்டல்ல. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நிற்கக்கூடாது. 2012இல் சிலைக்கு முத்தம் கொடுப்பதுபோலப் படமெடுத்த மூன்று பிரெஞ்சுப் பயணிகளுக்கு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. சுவரில் பெயர் கீறுவது அதைவிடப் பெரிய வில்லங்கம். 2015இல் சிகிரியாவின் கண்ணாடிச் சுவரில் பெயர் கீறிய ஒரு தமிழ் இளம்பெண்ணுக்கு இரண்டு வருடச் சிறை விதித்தார்கள். பிறகு ஜனாதிபதி மன்னிப்பில்தான் வெளியே வந்தார். பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் இதை வேனிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னும் மேலே, மலைப்பக்கம் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அப்புத்தளை அடிசம் பங்களா இன்று துறவிகள் வாழும் மடம். சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி), பள்ளிக்கூட விடுமுறை நாட்களில்தான் திறப்பார்கள். செவ்வாய்க்கிழமை போய் கேட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. நுவரெலியாவில் 1894இல் கட்டிய செங்கல் தபால் நிலையத்தின் முன் எல்லாரும் படம் எடுக்கிறார்கள், உள்ளே போகிறவர்கள் சிலர்தான். இன்னும் வேலை செய்கிற தபாற்கந்தோர் அது. முத்திரை வாங்கி வீட்டு விலாசத்துக்கே ஒரு அட்டை போடுங்கள்.

இன்னொன்று, லயம், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். தோட்டத்து லயக் காம்பராக்களில் எத்தனையோ வெள்ளைக்காரன் காலத்தவை. ஆனால் அவை அருங்காட்சியகம் அல்ல, ஆட்கள் குடியிருக்கிற வீடு. பாதுகாத்து வைத்த லயத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கம்பளைப் பக்கம் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே போங்கள். என் சின்னம்மா இன்னும் லயத்தில்தான் இருக்கிறார். ஒருநாள் வேனில் வந்த ஒரு குடும்பம், கொடியில் காய்ந்த துணியை ஒதுக்கிவிட்டு அவர் வாசலில் நின்று படம் எடுத்ததாம். சின்னம்மா வெளியே வந்து, "உள்ளுக்கு அடுப்பும் இருக்கு, அதையும் எடுக்கிறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அவர்களுக்குக் குத்தல் புரியவில்லை. உள்ளே போய் அடுப்பையும் எடுத்துக்கொண்டு, அவர் கொடுத்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டுப் போனார்களாம்.