ஒரு வேதிப்பொருள் எவ்வளவு ஆபத்து? நீங்களே பார்ப்பது எப்படி

முதலில் பெயரை விட்டுவிட்டு அதன் சிஏஎஸ் எண்ணை (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தரப்படும் தனி அடையாள எண்) பிடியுங்கள். ஒரே பொருளுக்குப் பத்துப் பெயர் இருக்கலாம், எண் ஒன்றுதான். அதை வைத்துப் பாதுகாப்புத் தரவுத் தாளைத் தேடி எடுங்கள். மொத்தம் 16 பகுதிகள் இருக்கும், நமக்கு வேண்டியது 11 (மனிதர்), 12 (சுற்றுச்சூழல்).

11-ல் எல்டி50 என்று ஒரு எண் கண்ணில் படும். சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவு அது, எண் சிறியதென்றால் நஞ்சு கடுமை. ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள், ஏனென்றால் அது ஒரே தடவையில் உள்ளே போவதற்கான கணக்கு. தினமும் துளித்துளியாகப் போனால் என்ன ஆகும் என்று அது சொல்லாது.

அதற்கு நோயெல் வேண்டும், அதாவது நீண்டகாலச் சோதனையில் தீங்கு எதுவும் தெரியாத மிக உயர்ந்த அளவு. வழக்கமாக அதை 100-ஆல் வகுப்பார்கள்: விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வித்தியாசத்துக்கு 10, மனிதருக்கு மனிதர் உள்ள வித்தியாசத்துக்கு இன்னொரு 10. அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்புக்கு எலிகளில் கிடைத்த அளவு ஒரு நாளைக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 4000 மில்லிகிராம், வகுத்தால் 40. 70 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 2800 மில்லிகிராம். 2023-ல் ஐஏஆர்சி (உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை) அதை 2பி பிரிவில் சேர்த்ததும் பலர் பயந்துபோனார்கள், ஆனால் அந்தப் பிரிவு சொல்வது புற்றுநோய் வரவைக்கக்கூடும் என்பதற்கான சான்று எவ்வளவு என்பதை மட்டும்தான், எவ்வளவு சாப்பிட்டால் என்பதை இல்லை. அதே நேரத்தில் ஜெக்ஃபா (உணவுச் சேர்க்கைப் பொருள்களை மதிப்பிடும் சர்வதேச நிபுணர் குழு) அந்த 40-ஐ மாற்றாமல் வைத்துக்கொண்டது. இரண்டையும் சேர்த்துப் படிக்காதவர்தான் குழம்புவார்.

இந்த வகுத்தல் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. குழந்தைகளின் மூளையைப் பொறுத்தவரை ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இதுவரை தெரியவில்லை.

சரி, அப்புறம் 12. இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு இதுதான் வருத்தம். மீனுக்கு 96 மணி நேரம், நீர்த்தெள்ளுக்கு 48, பாசிக்கு 72 என்று சோதனை முடிவுகள் இருக்கும். அவற்றைவிட முக்கியம், பொருள் மக்குகிறதா, கொழுப்பில் சேர்கிறதா என்பது. டிடிடி என்ற பூச்சிக்கொல்லி மனிதரை உடனே கொல்லும் வகை நஞ்சு இல்லை. ஆனாலும் உணவுச் சங்கிலியில் படிப்படியாகச் சேர்ந்து, கழுகு, வல்லூறு போன்ற பறவைகளின் முட்டை ஓட்டை மெலிய வைத்தது, அடைகாக்கும்போதே முட்டைகள் நொறுங்கின.

தாளில் "தரவு இல்லை" என்று இருந்தால் அதைப் பாதுகாப்பு என்று படிக்காதீர்கள். யாரும் சோதிக்கவில்லை, அல்லது அந்தத் தாளை எழுதியவர் தேடவில்லை என்றுதான் பொருள். அப்போது அதே சிஏஎஸ் எண்ணோடு ஐரோப்பிய வேதிப்பொருள் முகமையின் தரவுத்தளத்தில் தேடுங்கள்.