தனியாள் பாய்ப்படகின் எடை: நிறுத்துப் பார்த்து, அதற்கேற்ப ஓட்டுவது எப்படி?

நந்திக்கடலிலோ கொக்கிளாய்க் களப்பிலோ தனியாள் பாய்ப்படகு பழகத் தொடங்குகிறவர்கள் முதலில் பாயைப் பற்றிக் கேட்பார்கள், பிறகு கயிற்றைப் பற்றி. படகின் வெற்றுடல் எத்தனை கிலோ என்று கேட்பவர் அரிது. ஆனால் திரும்பும்போது படகு நடுவில் நின்றுவிடுவதும், காற்று வீச்சுக்கு ஓடாமல் சாய்வதும், அலையில் முட்டி நிற்பதும் பெரும்பாலும் எடையோடு சம்பந்தப்பட்டவை. வன்னிக்கு வரும் படகுகள் அநேகமாகக் கைமாறி வருபவை. விற்பவர் சொல்லும் எடைக்கும் மணலில் கிடக்கும் படகின் எடைக்கும் இடையில் நிறைய வித்தியாசம் இருக்கலாம்.

பாய் கட்டவும் சுக்கான் மாட்டவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நீச்சலும் உயிர்காப்பு அங்கியும் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

படி 1: உங்கள் எடையையும் படகின் எடையையும் பக்கத்தில் வையுங்கள்

தனியாள் பாய்ப்படகு வகைகள் சிலவற்றின் எண்கள். ஒப்டிமிஸ்ட் 35 கிலோ. லேசர், அதாவது இப்போது இல்கா என்று அழைக்கப்படுவது, 59 கிலோ. ஃபின் 107 கிலோ. 2014இல் வந்த ஆர்எஸ் ஏரோ வெறும் 30 கிலோ. எல்லாம் வெற்றுடல் எடைதான், பாய்மரமும் பாயும் தனி.

70 கிலோ எடையுள்ள ஒருவர் லேசரில் ஏறினால் ஆளும் உடலுமாக 129 கிலோ. அதே ஆள் ஏரோவில் ஏறினால் 100 கிலோ. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேல் குறைகிறது. இதைவிட முக்கியமானது விகிதம். ஏரோவில் அந்த மொத்தத்தின் 70 வீதம் உங்கள் உடம்பு. லேசரில் 54 வீதம். ஃபினில் 40 வீதம்கூட இல்லை. நீங்கள் ஒரு சாண் பின்னால் நகர்ந்தால் இலேசான படகு உடனே அணியத்தை (முன்முனையை) தூக்கிக் காட்டும், பாரமான படகு அதைக் கவனிக்கவே மாட்டாது. கையாளுதல் என்று நாம் சொல்வதில் பாதி இந்த விகிதத்துக்குள்தான் இருக்கிறது.

ஆழம் குறைந்த களப்பில் பாரமான படகு தரை தட்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது தேவையற்ற பயம். நீர்மட்டத்தில் படகின் பரப்பு ஒரு சதுர மீட்டர் என்றால் 10 கிலோவுக்கு ஒரு சென்ரிமீட்டர் தாழும். லேசர் அளவுப் படகில் 30 கிலோ கூடினாலும் ஒரு சென்ரிமீட்டர் அளவுதான் தாழும். தரை தட்டுவது நடுப்பலகை, அதாவது படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க நடுவில் தண்ணீருக்குள் இறக்கும் பலகை. அதைக் கொஞ்சம் மேலே இழுத்தால் போதும்.

படி 2: நிறுத்துப் பாருங்கள்

மீன் வாடியில் தொங்குகிற வட்ட முகத் தராசு ஒன்றை இரவல் வாங்குங்கள். மின்னணுத் தராசு எனக்குப் பிடிக்காது. உப்புக் காற்றில் சீக்கிரம் கெட்டுப்போகும், வெயிலில் எண்ணும் தெரியாது. 50 கிலோத் தராசே போதும், ஏனென்றால் படகை முனை முனையாகத்தான் தூக்கப்போகிறோம். முதலில் 20 லீற்றர் நல்ல தண்ணீர் பிடித்த கானைத் தொங்கவிட்டு, வெறுங்கானின் எடையைக் கழித்து, 20 கிலோ காட்டுகிறதா என்று பாருங்கள். தூக்குவதற்குக் கயிற்றைவிட அகலமான நாடா நல்லது, வழுக்காது.

பாய்மரம், பூம் (பாயின் அடித்தண்டு), சுக்கான், நடுப்பலகை எல்லாவற்றையும் கழற்றுங்கள். வடிகால் துளையின் அடைப்பானைத் திறந்து, அணியத்தைத் தூக்கி உள்ளே இருக்கும் தண்ணீரை முழுவதுமாக வடியவிடுங்கள். பிறகு பின்முனையை ஒரு ஒடுக்கமான கட்டையில் வைத்து, அணியத்தைத் தராசில் தொங்கவிட்டு வாசியுங்கள். அடுத்து மறுபக்கம்: அணியம் கட்டையில், பின்முனை தராசில். இரண்டையும் கூட்டினால் மொத்த எடை.

எனக்கு நீண்ட நேரம் விளங்காமல் இருந்தது இந்த இடம்தான். ஒவ்வொரு தடவையும் கூட்டுத்தொகை வேறாக வந்தது. தராசைச் சந்தேகித்தேன், நாடாவைச் சந்தேகித்தேன். காரணம் கட்டை. அணியத்தை எந்தப் புள்ளியில் தூக்குகிறீர்களோ, அடுத்த முறை அதே புள்ளியில்தான் அது கட்டையில் இருக்க வேண்டும். பின்முனைக்கும் அப்படியே. கட்டை உள்ளே தள்ளிப் போனால் நெம்புகோலின் நீளம் மாறிவிடும்.

கணக்கோடு பார்ப்போம். இரண்டு புள்ளிகளுக்கும் இடைத்தூரம் 4 மீட்டர். அணியத்தில் 28 கிலோ, பின்முனையில் 37 கிலோ, மொத்தம் 65. பின்முனையைத் தூக்கும்போது அணியத்துக் கட்டை அரை மீட்டர் உள்ளே இருந்தால் 37க்குப் பதிலாக 33தான் காட்டும். நான்கு கிலோ காணாமல் போய்விடும்! ஆகவே இரண்டு புள்ளிகளிலும் படகில் நிற டேப் ஒட்டுங்கள். பனங்குற்றியின் உருண்டைப் பக்கத்தில் வைத்தால் படகு உருளும், பழைய ரயர் அகலமும் மென்மையும் அதிகம், இரண்டுமே வேண்டாம். இரண்டு அங்குலச் சட்டத்துண்டு ஒன்றே சரி. வாசிக்கும்போது படகு மட்டமாகவும், நாடா செங்குத்தாகவும் இருக்கட்டும்.

இதிலிருந்து இன்னொன்றும் கிடைக்கும். பின்முனை எடையை இடைத்தூரத்தால் பெருக்கி மொத்தத்தால் வகுத்தால், எடையின் மையம் அணியத்துப் புள்ளியிலிருந்து எவ்வளவு தூரம் என்று தெரியும். மேலுள்ள உதாரணத்தில் ஏறத்தாழ 2.28 மீட்டர். குறித்து வைத்துக்கொள்ளுங்கள், படி 4இல் தேவைப்படும்.

படி 3: கூடுதல் எடை எங்கிருந்து?

லேசர் ஒன்று 65, 66 கிலோ காட்டினால் உள்ளே தண்ணீர் ஊறியிருக்கிறது அல்லது யாரோ பைபர் பூசித் தடிப்பாகத் திருத்தியிருக்கிறார்கள். தண்ணீர் என்றால் முதலில் ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். எல்லா மூடிகளையும் அடைத்து, அடைப்பான் துளையில் ஒரு குழாயைச் செருகி வாயால் ஊதிக்கொண்டே மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசினால் குமிழி காட்டிக்கொடுக்கும். வாயால் மட்டும். கொம்பிரஷர் வைத்தால் மேல்தட்டும் அடித்தட்டும் பிளந்துவிடும். பாய்மரக் குழி, நடுப்பலகைப் பெட்டியின் ஓரம், சுக்கான் பூட்டுகளின் ஆணிகள், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். பாய்மரக் குழியில் தண்ணீர் ஊற்றி வைத்து, மட்டம் குறைகிறதா என்று பார்ப்பதும் நல்லது. அங்கே கசிந்தால் ஒரு நாள் மரம் அடியோடு பெயர்ந்து வரும்.

அடைத்த பிறகு காயவிட வேண்டும். சோளகக் காலத்து, அதாவது தென்மேற்குக் காற்றுக் காலத்து, வறண்ட காற்று இதற்குத் தோதானது. மூடிகளைத் திறந்து நிழலில் வையுங்கள். ஊறிய நுரைப்பஞ்சு ஆறுதலாகத்தான் காயும், அவசரப்படாதீர்கள்.

படி 4: எடைக்கேற்ப ஓட்டுதல்

காற்றை எதிர்த்துத் திரும்பும்போது படகைச் சுற்றிக் கொண்டுபோவது அது ஏற்கெனவே வைத்திருக்கும் ஓட்டம். பாரமான படகுக்கு அந்த ஓட்டம் அதிகம், சுக்கானை மெதுவாகத் தள்ளினாலும் சுற்றி வந்துவிடும். இலேசான படகு அப்படியல்ல. வேகம் குறையும் முன்பே திருப்ப வேண்டும், ஆனால் சுக்கானை வெட்டித் திருப்பக் கூடாது, அது தடுப்புப் போல நின்று ஓட்டத்தைத் தின்றுவிடும். கொஞ்சம் சாயவிட்டு, உடம்பால் உருட்டி, மறுபக்கம் போய் உட்கார்ந்து நிமிர்த்துங்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் நடுவில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

காற்று வீச்சு வரும்போது இலேசான படகு அந்த விசையை ஓட்ட வேகமாக ஆக்கிக்கொள்ளும். பாரமான படகு உடனே வேகம் எடுக்காது, அதனால் விசை முழுவதும் சாய்வாகப் போகும். ஆகவே பாரமான படகில் பாய்க்கயிற்றை முன்கூட்டியே இளக்குங்கள். இலேசான படகில் வெளியே சாய்ந்து உட்கார்ந்து, ஓடவிட்டு, பிறகு கயிற்றை இழுங்கள்.

லேசரின் நீர்க்கோடு ஏறத்தாழ 3.8 மீட்டர். அந்த நீளத்துக்கு 4.7 நொட் அளவில் படகு தான் கிளப்பிய அலைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதைத் தாண்ட அலைமேல் ஏறி வழுக்க வேண்டும். எடை குறைந்தால் குறைந்த காற்றிலேயே அது நடக்கும். ஏறும் தருணத்தில் ஒரு சாண் பின்னால் நகருங்கள், ஏறிய பிறகு முன்னால் வாருங்கள்.

களப்பின் கிட்டக்கிட்ட வரும் கட்டை அலையில் மட்டும் பாரத்துக்கு லாபம் உண்டு, அலையை வெட்டிக்கொண்டு போகும். இலேசான படகு ஒவ்வொரு அலையிலும் நிற்கும். அணியத்தைக் காற்றிலிருந்து கொஞ்சம் விலக்கி வேகத்தைக் காப்பாற்றுங்கள்.

எடையின் மையமும் இங்கே வருகிறது. முனைகளில் பாரம் இருந்தால் அணியம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஃபின் வகுப்பில் இதற்காகவே படகை ஊசல்போல் ஆட்டி அளக்கிறார்கள், அதற்கு லம்போலே சோதனை என்று பெயர். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். தண்ணீர்ப் போத்தல், நங்கூரம், இழுவைக் கயிறு எல்லாவற்றையும் நீங்கள் குறித்து வைத்த மையத்துக்குக் கிட்டே கட்டினால் போதும்.

படி 5: கரை

முல்லைத்தீவுப் பக்கத்தில் சோளகம் கரையிலிருந்து கடலுக்கு வீசும். கரையோரம் தண்ணீர் அமைதியாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், திரும்பி வருவது முழுக்க எதிர்க்காற்று. பழகும்வரை களப்புக்குள்ளேயே இருங்கள். குளங்களில் பழக நினைப்பவர்கள் முதலை உண்டா என்று ஊராரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம், கவிழ்வது பழகுகிறவருக்கு நிச்சயம்.

பின்னர் சேர்த்தது

பூநகரிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணை, நான் 50 கிலோதான். சோளகத்துக்குப் படகு நிற்குதில்லை. மண் மூட்டை வைத்து ஓடலாமா?"

வேண்டாம் தம்பி. மூட்டை உங்களைப் போல் காற்றுப் பக்கம் நகர்ந்து உட்காராது. சாய்ந்தால் தாழ்ந்த பக்கம் சரியும், கவிழ்ந்தால் நிமிர்த்த விடாது. பாயைச் சிறிதாக்குங்கள். லேசர் உடலுக்கு 7.06, 5.76, 4.7 சதுர மீட்டர் என்று மூன்று பாய்கள் உண்டு. பாய்மரத்தின் கீழ்த்துண்டுதான் ஒவ்வொன்றுக்கும் மாறும், மேல்துண்டு ஒன்றேதான். பழைய படகு வாங்கும்போது கூட வரும் கீழ்த்துண்டு எந்தப் பாய்க்குரியது என்று கேட்டு வாங்குங்கள்.