சென்ட்ரல் பார்க்கின் பழைய கதையை மாணவர்களோடு தேடுவது எப்படி?

நியூயார்க் சென்ட்ரல் பார்க்குக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் ஏரியைப் பார்ப்பார்கள், பாறையில் ஏறுவார்கள், போட்டோ எடுப்பார்கள், வந்துவிடுவார்கள். 843 ஏக்கரில் காடு மாதிரி விரிந்து கிடக்கும் அந்த இடத்தில் ஏரிகள்கூட மனிதர்கள் வெட்டி நீர் விட்டவை என்பது பலருக்குத் தெரியாமலே போகிறது. முதல்முறை இப்படி ஒரு வரலாற்றுத் தேடலுக்கு மாணவர்களை அழைத்துப்போகும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: கிளம்புவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி

"பூங்கா வருவதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது?" வகுப்பில் இதை மட்டும் கேளுங்கள், பதிலைச் சொல்லிவிடாதீர்கள். நிலத்தைக் கையகப்படுத்துவதற்காக 1850-களில் வரைந்த வரைபடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அதில் ஒன்றை இன்றைய வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்து, மேற்கு ஓரத்தில் 82-ஆம் தெருவுக்கும் 89-ஆம் தெருவுக்கும் நடுவே என்ன தெரிகிறது என்று அவர்களே தேடட்டும். வீடுகள், தேவாலயங்கள் என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் படும்.

படி 2: செனிகா வில்லேஜ்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். 1825-ல் ஆண்ட்ரூ வில்லியம்ஸ் என்ற 25 வயதுக் கறுப்பின இளைஞர், ஷூ பாலிஷ் போட்டுப் பிழைத்தவர், அங்கே மூன்று மனைகளை 125 டாலருக்கு வாங்கினார். அப்படித் தொடங்கிய செனிகா வில்லேஜ் என்ற ஊரில் 1855 வாக்கில் சுமார் 225 பேர் இருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு கறுப்பின மக்கள், மற்றவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள். மூன்று தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. அன்றைய நியூயார்க் மாநிலத்தில் கறுப்பின ஆண் ஒருவர் ஓட்டுப்போட 250 டாலர் மதிப்புள்ள சொத்து வைத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அந்த மனைகளின் அருமை அப்போதுதான் பிள்ளைகளுக்குப் புரியும். பூங்காவுக்காக 1857-க்குள் எல்லோரையும் வெளியேற்றிவிட்டார்கள். வில்லியம்ஸ் தன் நிலத்துக்கு 3,500 டாலர் கேட்டார், கிடைத்தது 2,335.

2011-ல் தொல்லியல் ஆய்வாளர்கள் அங்கே தோண்டினார்கள். வில்சன் என்பவரின் குடும்பம் இருந்த இடத்தில் ஓர் இரும்புக் கெட்டில் கிடைத்தது, ஒரு குழந்தையின் தோல் செருப்பும் கிடைத்தது. அந்தச் செருப்பின் படத்தைக் கட்டாயம் காட்டுங்கள். ஆண்டுகளும் எண்களும் சொல்லும்போது நெளிந்துகொண்டிருக்கும் பிள்ளைகள்கூட அந்தப் படத்தைப் பார்த்ததும் அமைதியாகிவிடுவார்கள்.

படி 3: நேரில் நடப்பது

மேற்கே 85-ஆம் தெரு வழியாக உள்ளே போங்கள். 83-ஆம் தெருப் பக்கம் உள்ள சம்மிட் ராக் என்ற பாறை, பூங்காவிலேயே இயற்கையாக உயர்ந்த இடம். அங்கே பத்து நிமிடம் உட்காரவைத்து, வரைபடத்தில் பார்த்த வீடுகள் எங்கே நின்றிருக்கும் என்று வரையச் சொல்லுங்கள். வழி தவறினால் பயப்பட வேண்டாம், விளக்குக் கம்பத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பக்கத்துத் தெருவைச் சொல்லும், கடைசி எண் ஒற்றைப்படை என்றால் மேற்குப் பக்கம், இரட்டைப்படை என்றால் கிழக்கு. இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் வழிகாட்டும் வேலையைப் பிள்ளைகளே எடுத்துக்கொள்வார்கள்.

படி 4: வடிவமைத்தவர்கள்

1858-ல் நடந்த போட்டியில் ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட், கால்வெர்ட் வாக்ஸ் இருவரும் சேர்ந்து கொடுத்த திட்டம் வென்றது. பூங்காவைக் குறுக்கே கடக்கும் நான்கு சாலைகளைப் பள்ளத்தில் இறக்கி, நடப்பவர் கண்ணுக்கு வண்டியே தெரியாதபடி செய்தார்கள். ஒரு பாலத்தின் மேல் நின்று கீழே எட்டிப் பார்த்தாலே போதும்.

அப்புறம் நேரம் இருந்தால் ஷீப் மெடோ என்ற புல்வெளி. அங்கே 1934 வரை நிஜமாகவே ஆடுகள் மேய்ந்தன. கிரேட் லான் என்ற இன்னொரு புல்வெளி இருக்கும் இடம் முன்பு ஒரு குடிநீர்த் தேக்கம்.

படி 5: திரும்பி வந்த பிறகு

கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். பாதிப் பேர் வில்லியம்ஸ் இடத்திலிருந்து நிலத்துக்கு விலை கேட்டு ஒரு கடிதம் எழுதட்டும், மீதிப் பேர் நகர நிர்வாகத்தின் பதிலை எழுதட்டும், பிறகு இரண்டையும் சத்தமாகப் படிக்கவையுங்கள். "அந்த ஊர்க்காரங்க அப்புறம் எங்கே போனாங்க?" என்று யாராவது ஒருவர் கேட்பது நிச்சயம். ஆய்வாளர்களே அவர்களின் வாரிசுகளை இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.